நாய்க்கு ஒரு சாமுத்ரிகா லட்சணம்

உயரம் 25 சென்ட்டிமீட்டர் என்றால் எடை 5 கிலோ. உயரம் 30 என்றால் எடை 6. முன்னங்கால் மூட்டுக்குப் பின்னால் டேப் வைத்து மார்பைச் சுற்றி அளந்தால் 40-லிருந்து 43-க்குள் வரவேண்டும். உடம்பு உயரத்தைவிடக் கொஞ்சம் நீளம். கண் சின்னதாக, கருப்பாக, பாதாம்பருப்பு வடிவத்தில். காது மடிந்து விழவேண்டும். வால் சும்மா நிற்கும்போது தொங்கலாம், நடக்க ஆரம்பித்துவிட்டால் நிமிர்ந்தாக வேண்டும். சுபாவம்: துணிச்சல், அஞ்சாமை, சிநேகம், அலட்டிக்கொள்ளாத தன்னம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும் மணமகன் தேவை விளம்பரமோ என்று நினைத்துவிடாதீர்கள். வாலைப் படித்ததும் புரிந்திருக்கும். ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்கிற குட்டி நாய் எப்படி இருந்தால் உத்தமம் என்று, பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்.சி.ஐ. என்ற உலக நாய் சம்மேளனம் வெளியிட்டிருக்கும் லட்சணப் பத்திரத்தின் சுருக்கம் அது. பதிவு எண் 345. சில பக்கங்கள்தான்.

நாயைப் பற்றி எழுத நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பத்திரத்தைப் பற்றித்தான் எழுத ஆசை. ஏனென்றால் இதுவும் ஒரு வகை இலக்கியம். ஆசிரியர் பெயர் கிடையாது, கமிட்டி எழுதியது. கதாநாயகன் ஒருவனே. அவன் பூமியில் எங்கும் பிறந்ததில்லை. பிறக்கும் நாய்களெல்லாம் அவனுக்கு எத்தனை மார்க் குறைவு என்று பார்த்துத்தான் பரிசு கொடுக்கிறார்கள். இப்படி ஒரு கதாபாத்திரத்தை எந்த நாவலாசிரியராவது படைத்திருக்கிறாரா, சொல்லுங்கள்.

லட்சணம் எழுதுவது நமக்குப் புதிதல்ல. யானைக்கு எழுதினோம், குதிரைக்கு எழுதினோம், பெண்களுக்கு எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டோம். மாட்டுச் சந்தையில் இன்றைக்கும் விவரம் தெரிந்த பெரியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுழி பார்க்கிறார்கள். ஆனால், ஒரு வித்தியாசம். சுழி என்பது மாட்டைப் பற்றியது அல்ல, வாங்குகிறவனின் தலையெழுத்தைப் பற்றியது. இந்தச் சுழி இருந்தால் வீடு விளங்கும், அந்தச் சுழி இருந்தால் எஜமானுக்கு ஆகாது. மாடு பாவம், வெறும் நோட்டீஸ் போர்டு. ஜாக் ரஸ்ஸல் பத்திரத்தின் பெருமை என்னவென்றால், அதில் ஒவ்வொரு உறுப்புக்கும் பின்னால் ஒரு வேலை இருக்கிறது. பி.காம். படித்த எனக்கு இது ரொம்பப் பிடித்தது. காரணம் இல்லாத வவுச்சர் கிடையாது.

டெரியர் என்ற சொல்லுக்கு மூலம், மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல். மண்ணுக்குள் போகிற நாய். இங்கிலாந்தில் நரி வேட்டை என்று ஒரு தடபுடல் நடக்கும். சிவப்புக் கோட்டு, குதிரை, பெரிய நாய்க் கூட்டம், ஊதுகொம்பு. துரத்தப்பட்ட நரி வளைக்குள் ஓடிவிட்டால் பெரிய நாய்கள் வெளியே நின்று குரைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்போது பைக்குள்ளிருந்து இந்தக் குட்டியை எடுத்து வளைக்குள் விடுவார்கள். அது இருட்டில் தனியாக உள்ளே போய், நரிக்கு எதிரே நின்று, விடாமல் குரைத்து, அதை வெளியே கிளப்ப வேண்டும். நரி கிளம்ப மறுத்தால் அங்கேயே நின்று குரைத்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே இருப்பவர்கள் சத்தம் வருகிற இடத்தைக் குறிவைத்து மண்வெட்டி போடுவார்கள். முக்கியமான நிபந்தனை: நரியைக் கொன்றுவிடக் கூடாது. கொன்றுவிட்டால் மேலே குதிரையில் காத்திருக்கும் துரைமார்களுக்கு அன்றைய ஆட்டம் க்ளோஸ்.

இப்போது பத்திரத்தைத் திரும்பப் படியுங்கள். உடம்பு ஏன் வெள்ளை? வளையிலிருந்து வெளியே வரும் செம்பழுப்பு உருவம் நரியா, நம்முடையதா என்ற குழப்பம் வரக்கூடாது. மார்பு ஏன் ஒடுக்கம்? நரி நுழைந்த இடத்தில் நுழைய வேண்டும். காது மடிந்திருந்தால் மண் விழாது. வால் அந்தக் காலத்தில் நாலு அங்குலம் விட்டு நறுக்கப்பட்டதற்கும் காரணம் உண்டு. வளையில் மாட்டிக்கொண்டால் பிடித்து இழுக்க அது ஒரு கைப்பிடி. சூட்கேஸுக்கு வைக்கிற மாதிரி. படிக்க நமக்கு என்னவோ செய்கிறது, ஆனால் எழுதியவன் பொய் சொல்லவில்லை. (இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 முதல், நிஜமாகவே வேலை பார்க்கும் சில வகை நாய்களைத் தவிர மற்றவற்றுக்கு வால் நறுக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.)

மார்பை அளக்க டேப் தவிர இன்னொரு முறையும் உண்டு. ஜட்ஜ் தன் இரண்டு கைகளாலும் நாயின் மார்பை முன்கால்களுக்குப் பின்னால் வளைத்துப் பிடிப்பார். விரல்கள் கீழே தொட வேண்டும், கட்டைவிரல்கள் முதுகில் சந்திக்க வேண்டும். ‘சராசரிக் கை’ என்று நிபந்தனை. யாருடைய கை சராசரி? மயிலாப்பூர் ஆடிட்டரிடம் இந்தக் கணக்கை நீட்டினால் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். ஆனால் எனக்கு இந்தக் குறை பிடித்திருக்கிறது. வயலில் மழையில் நின்றுகொண்டு நாய் வாங்குகிறவனின் அளவுகோல் அது. டேப் பிற்பாடு வந்தது.

இந்த வம்சத்துக்குப் பெயர் கொடுத்தவர் ஒரு பாதிரியார். ஜான் ரஸ்ஸல், 1795-ல் பிறந்து 1883-ல் இறந்தவர். வடக்கு டெவனில் ஸ்விம்பிரிட்ஜ் என்ற ஊரில் பல்லாண்டு காலம் சர்ச் பொறுப்பு. ஞாயிறு பிரசங்கம், மற்ற நாள் நரி. ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது, 1819-ல், ஒரு பால்காரரிடம் ட்ரம்ப் என்ற பெட்டை நாயைப் பார்த்துச் சொக்கிப்போய் வாங்கிவிட்டார். (பெயர் தற்செயல். யாரும் அரசியல் தேட வேண்டாம்.) வெள்ளை உடம்பு, கண்ணையும் காதையும் சேர்த்து இருபக்கமும் பழுப்புத் திட்டு, வால் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பென்னிக் காசு அளவுக்கு ஒரு பொட்டு. பாதிரியார் உயிரோடு இருந்தபோதே வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாற்றில் இந்த வர்ணனை இருக்கிறது. உயரத்துக்கும் எடைக்கும் அதில் சொல்லப்பட்டிருக்கும் அளவு என்ன தெரியுமோ? வளர்ந்த ஒரு பெண் நரி அளவு. அவ்வளவுதான். அங்குலமும் பவுண்டும் அந்த வர்ணனைக்குத் தேவைப்படவில்லை. நரிதான் அளவுகோல்.

இந்தப் பாதிரியார் 1873-ல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் உருவானபோது ஆரம்ப உறுப்பினர்களில் ஒருவர். மற்றவர்களின் நாய்களுக்கு ஷோவில் ஜட்ஜாகவும் இருந்தார். தன்னுடைய நாய்களை மட்டும் ரிங்குக்குள் கொண்டுவரவில்லை. ஏன் என்பது அடுத்த சில பத்தாண்டுகளில் தெரிந்துவிட்டது. ஃபாக்ஸ் டெரியர் என்று பெயர் வைத்து 1870-களில் லட்சணம் எழுதினார்கள். ரிங்கில் ஜெயிக்க ஜெயிக்க அதன் கால் நீண்டது, தோள் நிமிர்ந்தது, முகம் நீண்டு ஒடுங்கியது. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். வளைக்குள் போகச் சொன்னால் வாசலில் நின்று யோசிக்கும். பெயரில் நரி இருந்தது, பிழைப்பில் இல்லை.

அதனால்தான் வேட்டைக்காரர்களுக்கு ‘அங்கீகாரம்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே அலர்ஜி. ஆர்தர் ஹெயின்மன் என்பவர் 1904-ல் பாதிரியார் பாணி நாய்க்கு ஒரு லட்சணம் எழுதினார். அப்புறம் நடந்தது நம் கழகங்களின் வரலாறு மாதிரியே இருக்கும். 1974-ல் பிரிட்டனில் ஜாக் ரஸ்ஸல் கிளப், 1976-ல் அமெரிக்காவில் ஒன்று. இரண்டும் கென்னல் கிளப் வேண்டாம் என்ற கொள்கைக்காரர்கள். கொஞ்சம் உயரமான நாயை வைத்திருந்தவர்கள் 1990-ல் இங்கிலாந்து கென்னல் கிளப்புக்குள் நுழைந்து ‘பார்ஸன் ஜாக் ரஸ்ஸல்’ என்று பெயர் வாங்கினார்கள், பிறகு அதில் ‘ஜாக்’ உதிர்ந்தது. அமெரிக்காவில் 1997-ல் ‘ஜாக் ரஸ்ஸல்’ என்று அங்கீகாரம் பெற்ற நாய் 2003-ல் ‘பார்ஸன் ரஸ்ஸல்’ ஆனது. குட்டைக் கால்காரனை ஆஸ்திரேலியாவில் தனி இனமாக வளர்த்தெடுத்தார்கள். எஃப்.சி.ஐ. பத்திரத்தில் தாய்நாடு இங்கிலாந்து, வளர்ந்த நாடு ஆஸ்திரேலியா என்றே போட்டிருக்கும். அந்தக் குட்டையன் 2012-ல் அமெரிக்க கென்னல் கிளப்பில் வெறும் ‘ரஸ்ஸல் டெரியர்’. சொந்த ஊரான இங்கிலாந்தின் கென்னல் கிளப்பில் அவனுக்கு இடம் கிடைத்தது 2016 ஜனவரியில். எல்லோர் வீட்டுச் சுவரிலும் அதே பாதிரியார் படம்தான். சின்னம் மட்டும் வேறு வேறு.

சரி, எந்தப் பத்திரம் உசத்தி? என் ஓட்டு, கிளப் வேண்டாம் என்றவர்கள் எழுதியதற்குத்தான். இரண்டு காரணம்.

முதலாவது வெள்ளை நிறம். அமெரிக்க ஜாக் ரஸ்ஸல் கிளப், வெள்ளை அதிகம் இருக்க வேண்டும் என்று சொல்லி நிறுத்தாமல், 51 சதவிகிதத்துக்கு மேல் என்று எழுதிவைத்திருக்கிறது. கம்பெனிச் சட்டம் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். 51 என்பது கன்ட்ரோலிங் ஸ்டேக். மிச்சத்தைப் பழுப்பும் கருப்பும் பங்குபோட்டுக்கொள்ளட்டும், நிர்வாகம் வெள்ளையிடம் இருந்தால் போதும். எந்த இடத்தில் திட்டு, எத்தனை திட்டு என்ற ஜோசியமெல்லாம் இல்லை.

இரண்டாவதுதான் முக்கியம். பிரிட்டன் கிளப்பின் பத்திரத்தில் ஒரு ஷரத்து வருகிறது. வேலையிலோ விபத்திலோ ஏற்பட்ட பழைய தழும்புகளைக் காட்டி ஒரு நாயின் பரிசு வாய்ப்பைக் குறைக்கக் கூடாது, நடைக்கும் வேலைக்கும் இனவிருத்திக்கும் அந்தக் காயம் தடையாக இருந்தாலொழிய. அழகுப்போட்டி விதிமுறையில் தழும்புக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஸார். மூக்கில் நரி கடித்த வடுவோடு ஒரு கிழட்டு நாய், ஷாம்பு போட்டுச் சீவிவிட்ட இளவரசன் பக்கத்தில் வந்து நிற்கலாம். லட்சணம் எழுதிய எத்தனையோ பேர் இந்த உலகத்தில் இருக்கிறார்கள். உழைத்த உடம்பு உழைத்த மாதிரிதான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டவர்கள் ரொம்பக் குறைச்சல்.

அந்த அமெரிக்க கிளப்பில் குட்டி பிறந்த உடனே மொத்தமாகப் பதிவு செய்யும் வழக்கமும் கிடையாது. நாய் வளர்ந்து, ஒரு வயசு ஆகி, டாக்டர் சர்ட்டிஃபிகேட்டோடு தனித்தனியாக வரவேண்டும். அப்பன்-மகள், அண்ணன்-தங்கை என்று சேர்த்துப் போட்ட குட்டிகளுக்குக் கதவு சாத்தல். நல்ல பரம்பரை என்று சொல்லிச் சொல்லியே ரத்தத்தைச் சுருக்கும் வியாபாரத்துக்கு இது வேகத்தடை.

இதெல்லாம் அழகுப் பிரியர்களின் சின்னச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. வார்த்தை உடம்பாகிறது என்பதுதான் இந்த வகை எழுத்தின் ஆபத்து. தட்டை மூஞ்சி லட்சணம் என்று எழுதினால் நாற்பது ஐம்பது தலைமுறையில் மூச்சு விட முடியாத நாய் பிறக்கும். பிரிட்டனில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வின்படி புல்டாக் பிரசவங்களில் 80 சதவிகிதத்துக்கு மேல் சிசேரியன். தலை அவ்வளவு பெரிசு, இடுப்பு அவ்வளவு சின்னது. இரண்டும் பரிசு வாங்கிய அம்சங்கள். 2008 ஆகஸ்ட்டில் பி.பி.சி. ‘பெடிக்ரீ டாக்ஸ் எக்ஸ்போஸ்ட்’ என்ற டாக்குமென்டரியைப் போட்டது. ஊரே கொதித்தது. பி.பி.சி. க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை ஒளிபரப்புவதையே நிறுத்திக்கொண்டது. 2009 ஜனவரியில் கென்னல் கிளப் தன் பத்திரங்களை உட்கார்ந்து திருத்தியது. ஒரு கமிட்டி தன் பெயரடைகளை வெட்டியதால் சில உயிர்களுக்கு மூச்சு விட வழி கிடைத்தது என்றால், இலக்கிய வரலாற்றில் இதைவிட உருப்படியான எடிட்டிங் எது?

இந்தக் கணக்கில் நம் கதாநாயகன் நிலைமை பரவாயில்லை. லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ் ஆட்கள் 2022-ல் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரணக் கணக்கை வைத்து ஆயுள் அட்டவணை போட்டார்கள். எல்.ஐ.சி.காரர்கள் வைத்திருப்பது மாதிரி. ஒப்பிட்ட இனங்களில் முதலிடம் ஜாக் ரஸ்ஸலுக்கு: 12.72 ஆண்டுகள். கடைசி இடம் ஃபிரெஞ்சு புல்டாகுக்கு: 4.53. இந்தக் கடைசி எண்ணை அப்படியே முழுங்கக் கூடாது. திடீர் ஃபேஷன் ஆனதால் அந்த இனத்தில் இளசுகளே அதிகம், சாவும் இளசுகளின் சாவாகவே பதிவாகும். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி சாமானியமல்ல. உள்ளங்கையால் அளந்தவன் கட்டிய உடம்பு, கண்ணாடி போட்டு அளந்தவன் கட்டிய உடம்பைவிட அதிக நாள் ஓடுகிறது.

குறை இல்லாமலில்லை. வெள்ளை நிறத்துக்கும் பிறவிச் செவிட்டுக்கும் மரபணுவில் தொடர்பு இருப்பது நாய் டாக்டர்களுக்குப் பழைய செய்தி. இந்த இனத்திலும் அது உண்டு. எஃப்.சி.ஐ. பத்திரம் காது மடிவதைச் சொல்கிறது, காதின் தோல் தரத்தைச் சொல்கிறது, எப்படி அசைய வேண்டும் என்பதையும் சொல்கிறது. கேட்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது.

ஆனால், என் பெரிய புகார் சுபாவத்தைப் பற்றியது. உடம்புக்குப் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த பேனா, சுபாவம் என்று வந்ததும் இரண்டே வரியில் முடித்துக்கொள்கிறது. துணிச்சல், அஞ்சாமை, சிநேகம், தன்னம்பிக்கை. தேர்தல் போஸ்டரில் வேட்பாளர் படத்துக்குக் கீழே போடுகிற வார்த்தைகள். யாரை வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாம். ரிங்கில் ஒரு நாயோடு ஜட்ஜ் செலவழிப்பது சில நிமிஷம். மேஜைமேல் ஏற்றி, பல்லைப் பார்த்து, நடக்கவிட்டு, அனுப்பிவிடுவார். உயரத்தை அங்கே அளக்கலாம். இருட்டு வளையில் தனியாக நரிக்கு எதிரே நிற்குமா என்பதை எப்படி அளப்பது?

வேட்டைக்காரனுக்கு இந்தச் சிக்கனம் போதும். ‘டெரியர்’ என்ற ஒரே வார்த்தையில் மிச்சமெல்லாம் அவனுக்குப் புரிந்துவிடும். ஆனால் இன்றைக்கு இந்த வரிகளைப் படிக்கிறவர் யார்? சின்ன நாய், அப்பார்ட்மென்ட்டுக்குத் தோது, முடி குறைச்சல், ஐந்து கிலோ என்று கணக்குப் போடும் குடும்பஸ்தர். ‘அஞ்சாமை’ என்றால் அவர் திருடனைப் பார்த்து என்று நினைத்துக்கொள்கிறார். தன்னைவிட நாலு மடங்கு பெரிய நாயின் மேல் பாயும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. விடாமல் குரைப்பது இந்த இனத்தின் கெட்ட பழக்கமல்ல, உத்தியோகம். அதற்காகத்தான் நூறு வருஷமாகத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் அது உத்தியோகம் பார்க்க ஆரம்பித்தால் அசோசியேஷன் செகரட்டரி வந்து கதவைத் தட்டுவார். மண் தோண்டுவதற்கென்றே பிறந்த காலுக்கு மண் கிடைக்காவிட்டால் சோபா. ஒரு நாளைக்கு இரண்டு தடவை பத்து நிமிஷம் வாக்கிங் என்பதெல்லாம் இதற்கு ஊறுகாய் மாதிரி. சாப்பாடு எங்கே என்று கேட்கும்.

சினிமா, டி.வி. பண்ணிய கூத்து தனி. ஜிம் கேரியின் ‘தி மாஸ்க்’ (1994) படத்தில் வந்த மைலோவைப் பார்த்து உருகாதவர் யார்? அமெரிக்க டி.வி.யில் 1993-லிருந்து 2004 வரை ஓடிய ‘ஃப்ரேஷியர்’ தொடரில் எடி என்று ஒரு நாய், மனிதர்களை முறைத்துப் பார்த்தே பெயர் வாங்கியது. நிஜப் பெயர் மூஸ். இந்த மூஸை முதலில் வளர்த்தவர்கள், தாங்காது சாமி என்று கொடுத்துவிட்ட பிறகுதான் அது பயிற்சியாளர் கைக்குப் போனது. ஆஸ்கர் வாங்கிய ‘தி ஆர்ட்டிஸ்ட்’ (2011) படத்தில் நடித்த அக்கி கதையும் அதேதான். அடக்க முடியவில்லை என்று இரண்டு வீடுகளில் வேண்டாம் என்று தள்ளப்பட்டு, நாய்ப் பட்டிக்குப் போக இருந்த கேஸ். உலகப் புகழ் பெற்ற இரண்டு ஜாக் ரஸ்ஸல்களும் ரிட்டர்ன் ஆன சரக்கு. திரையில் அவற்றைப் பார்த்து ஆசைப்பட்டுக் குட்டி வாங்கியவர்களுக்கு இந்தத் தகவலைக் கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பத்திரமும் சொல்லவில்லை. சுபாவத்துக்கு இன்னும் நாலு வரி எழுதியிருந்தால், ‘இது யாருக்கு ஆகாது’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், எத்தனையோ நாய்கள் வீடு மாறாமல் இருந்திருக்கும். நம் மாட்டுச் சந்தைப் பெரியவர் இதையாவது சொல்லுவார்.

இதற்கிடையில் அளவுகோலாக இருந்த நரியும் போய்விட்டது. 2004-ல் சட்டம் போட்டு, 2005 பிப்ரவரி 18-லிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்க்கூட்டம் வைத்து நரி வேட்டையாடுவது குற்றம். சுடுவதற்காக வளர்க்கும் பறவைகளைக் காப்பாற்ற மண்ணுக்கடியில் ஒரே ஒரு டெரியரை விட, ஏகப்பட்ட நிபந்தனைகளோடு ஒரு விலக்கு மட்டும் வைத்தார்கள். நரிகளுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால், 43 சென்ட்டிமீட்டர் மார்பு எதற்காக என்று இனி பிறக்கும் ஜட்ஜுக்கு எப்படிப் புரியும்? கம்பெனி மூடிய பிறகும் ஆள்தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. தகுதிப் பட்டியலில் மார்பு அளவு மாறவில்லை.

நம் வீடுகளுக்குள் இந்த ஜாதி நாய் எப்போதோ வந்துவிட்டது. எச்.எம்.வி. இசைத்தட்டில், குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்குமே, ‘நாய் மார்க் ப்ளேட்’ என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அதுதான். பெயர் நிப்பர். பிரிஸ்டலில் 1884-ல் பிறந்தது. ஃபிரான்சிஸ் பரோ என்ற ஓவியர் அதை வரைந்தார். முதலில் அவர் வரைந்திருந்தது மெழுகு உருளை போட்டுக் கேட்கும் ஃபோனோகிராஃப். 1899-ல் கிராமஃபோன் கம்பெனி வாங்கியபோது மிஷினை மட்டும் மாற்றி வரையச் சொன்னார்கள். நாயை மாற்றச் சொல்லவில்லை. ஜாக் ரஸ்ஸல் என்பார்கள் சிலர், ஃபாக்ஸ் டெரியர் என்பார்கள் சிலர், புல் டெரியர் கலப்பு என்பார்கள் சிலர். எந்தப் பத்திரத்திலும் அடங்காத கேஸ். அளந்து பார்க்க வழியில்லை, 1895-லேயே இறந்துவிட்டது.

சுபாவத்தைப் பற்றி மட்டும் ஒரு தகவல் பிழைத்திருக்கிறது. ‘நிப்பர்’ என்றால் வெடுக்கென்று கவ்வுகிறவன். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளின் காலைப் பின்னால் போய்க் கவ்வியதால் வைத்த பெயர் அது. எஃப்.சி.ஐ. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், ஆக்ரோஷம் காட்டும் நாயை ரிங்கிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று ஒரு ஷரத்து இருக்கிறது.